கறுப்பு மண்ணின் கணக்கு

ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 400 வழியாக வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் போனால், இருபுறமும் கரிபோல் கறுத்த வயல்கள் விரியும். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். 1925 முதல் 1930 வரை கால்வாய் வெட்டி நீர் வடித்த சதுப்புநிலம். ஏறக்குறைய 7,000 ஏக்கர். ஒன்ராறியோ கரட்டிலும் வெங்காயத்திலும் பெரும்பங்கு இங்கேதான் விளைகிறது.

இதுபோன்ற பண்ணைகளின் வருமானத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கனேடிய விவசாயக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு பண்ணையும் ஓராண்டில் பயிர், கால்நடை, பால், முட்டை விற்றுப் பெற்ற மொத்த வருமானத்தைக் கேட்கிறது. பண்ணை வருமானம் என்று செய்திகளில் வரும் பெருந்தொகை பெரும்பாலும் இந்த விற்பனைப் பணமே. விதை, உரம், எரிபொருள், கூலி எதுவும் அதில் கழிபடவில்லை. விவசாயியின் கைக்கு மிஞ்சுவது அதைவிட மிகக் குறைவு.

அந்த விவசாயிக்குக் கைகொடுக்க, அடுத்தமுறை கடையில் கரட் எடுக்கும்போது, பொதியில் ஒன்ராறியோ என்று இருக்கிறதா பாருங்கள்.