டிடி 214-ல் விடுபட்ட பதக்கங்கள்: பக்கத்து வீட்டுப் பெரியவரின் ராணுவப் பதிவைத் திருத்திய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.)

நம்ம பாட்காஸ்ட்ல வழக்கமா விசா, வரி, வீட்டுக்கடன்னு அமெரிக்க வாழ்க்கையோட காகித வேலைகளைப் பத்திப் பேசுவோம். இன்னைக்கும் காகித வேலைதான். ஆனா என்னோட காகிதம் இல்ல, என் பக்கத்து வீட்டுக்காரரோடது.

அவருக்கு வயசு எழுபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. வியட்நாம் போர்ல காலாட்படையில இருந்தவர். நாங்க இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்துல, எங்க வாசல்ல கிடந்த பனியை யாரும் கேக்காமலே வாரிப் போட்டுட்டுப் போனவர். இடது கையை அவரால தோளுக்கு மேல தூக்க முடியாது. ஏன்னு நான் கேட்டதில்ல.

ஒரு நாள் அவர் மகள் பழுப்பேறிப்போன ஒரு தாளோட வந்தாங்க. "நீங்க ஃபாரம் எல்லாம் பொறுமையா நிரப்புவீங்கன்னு அப்பா சொன்னார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்"னாங்க. அது அவரோட டிடி 214.

டிடி 214 என்பது என்ன?

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பணிச் சான்று அது. எப்போ சேர்ந்தார், எப்போ வெளியே வந்தார், எந்த வேலை, வெளிநாட்டில் எவ்வளவு நாள், என்னென்ன பதக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது இங்க எல்லாரும் விஏன்னு சொல்ற துறை, மருத்துவம், வீட்டுக்கடன், அரசு கல்லறை இடம்னு எதுக்குப் போனாலும் முதல்ல கேக்கறது இந்தத் தாளைத்தான்.

அந்தக் காலத்துப் படிவத்துல 24-வது கட்டம் பதக்கங்களுக்கு. இவரோட தாள்ல அங்க மூணே மூணு பேர்தான் இருந்துச்சு: நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல், வியட்நாம் சர்வீஸ் மெடல், வியட்நாம் கேம்பெய்ன் மெடல். அங்க போன சிப்பாய்கள் கிட்டத்தட்ட எல்லாருக்குமே கிடைச்ச மெடல்கள் இவை.

1968 ஆகஸ்ட்ல அங்க போனவர். 1969 மார்ச்ல குண்டுச் சிதறல் தோள்ல பாய்ஞ்சு, ஜப்பான்ல இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. அந்தத் தோள்தான் இன்னைக்கும் தூக்க முடியாத தோள். ஆனா தாள்ல போரில் காயம் பட்டவருக்கான பர்ப்பிள் ஹார்ட் இல்ல. நேரடிச் சண்டையில இருந்த காலாட்படைக்காரருக்கான காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜும் இல்ல.

மகள் சொன்னாங்க: ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு அலுவலகத்துல இந்தத் தாளைப் பார்த்துட்டு, "நீங்க சண்டையில இருந்த மாதிரி இதுல ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்கு எழுந்து வந்தவர், அதுக்கப்புறம் எந்த உதவிக்கும் போய் நிக்கல. ராத்திரி தூக்கம் இல்லாம எழுந்து உட்கார்றதுக்கும் சிகிச்சைக்குப் போகல.

"ஃபைல் எரிஞ்சு போச்சு" என்ற கதை

நான் அவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி, ஏன் இதைத் திருத்தச் சொல்லி எழுதலைன்னு. யாரோ ஒருத்தர், "உங்க ஃபைலெல்லாம் தீயில எரிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டாராம். அதோட விட்டுட்டார்.

தீ விபத்து உண்மைதான். 1973 ஜூலை 12 அன்று, செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த தேசியப் பணியாளர் பதிவு மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. அவற்றுக்கு நகல் கிடையாது. தரைப்படையில் 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியே வந்தவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. விமானப்படையில் 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியே வந்தவர்களில், அகர வரிசையில் ஹப்பர்டு என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம்.

இப்போ தேதியைப் பாருங்க. நம்ம பெரியவர் தரைப்படையிலிருந்து வெளியே வந்தது 1970-ல. எரிஞ்ச அடுக்குல அவர் ஃபைல் இருக்க வழியே இல்ல. யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி இத்தனை வருஷம் ஓடிப் போச்சு.

பதக்கம் ஏன் விடுபடுது?

டிடி 214-ஐ நாம பெரிய சாசனம் மாதிரி நினைக்கிறோம். அது ஒரு கிளார்க், ஒரு நாள்ல, தன் மேசைமேல இருந்த காகிதத்தைப் பார்த்து டைப் அடிச்ச தாள். அன்னைக்கு அந்த மேசைக்கு வந்து சேராத எதுவும் அதுல ஏறாது. வியட்நாம் காலத்துல ஒரே நாள்ல ஏகப்பட்ட பேரை வெளியே அனுப்பினாங்க. பசங்களும் வரிசை எப்போ முடியும், வீட்டுக்கு எப்போ போகலாம்னுதான் நின்னாங்க. 24-வது கட்டத்தை உட்கார்ந்து சரிபார்த்தவங்க எத்தனை பேர்?

அதனால செய்ய வேண்டியது, சம்பவத்துக்கு இன்னும் கிட்டத்துல எழுதப்பட்ட காகிதத்தைத் தேடறது. நாங்க செஞ்ச முதல் வேலை எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் விண்ணப்பித்தது. வீரர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து வேண்டும். இறந்துவிட்டால் மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். இங்க ஒரு முக்கியமான விஷயம்: "டிடி 214 வேணும்"னு மட்டும் கேட்டா, வீட்டுல இருக்கற அதே தாள்தான் திரும்ப வரும். முழுப் பணியாளர் கோப்பும் வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

கோப்பு வந்துச்சு. அதுல டிஏ ஃபார்ம் 20-ன்னு ஒரு அட்டை. சிப்பாய் எந்த யூனிட்டுக்கு மாறினாலும் கூடவே போற அட்டை அது. அதில் 38-வது கட்டத்தில் பணியாற்றிய இடங்கள், 40-ல் காயங்கள், 41-ல் பதக்கங்கள். 41-ஐப் பார்த்தேன். காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ், பக்கத்துலயே ஆணை எண். அவருக்கு அது எப்பவோ கொடுத்தாச்சு. அட்டையிலிருந்து தாளுக்கு ஏறல, அவ்வளவுதான்.

40-வது கட்டம் காலியா இருந்துச்சு.

மூணு வகையாப் பிரிச்சுக்கோங்க

விடுபட்டது எல்லாத்தையும் ஒரே கடிதத்துல கொட்டிக் கோபமா எழுதினா வேலைக்கு ஆகாது. நான் மூணாப் பிரிச்சேன்.

முதல் வகை, ஏற்கெனவே கொடுத்தது அல்லது தேதியை வெச்சே தானா உரிமையாகறது. பேட்ஜ் இந்த வகை. அடுத்து, வியட்நாம் சர்வீஸ் மெடல் ரிப்பன்மேல வைக்கிற சின்ன வெண்கல நட்சத்திரங்கள். வியட்நாம் போரை ராணுவம் 17 கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. பங்கெடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நட்சத்திரம். இவர் இருந்த மாதங்கள் மூணு கட்டத்துல வருது, அதனால மூணு நட்சத்திரம். வீரச்செயலுக்கும் சிறந்த சேவைக்கும் கொடுக்கற பிரான்ஸ் ஸ்டார் மெடல் வேற, இது வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இன்னொண்ணு, தென் வியட்நாம் அரசு படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த கேலன்ட்ரி கிராஸ் யூனிட் விருது. தரைப்படையின் 1974-ம் ஆண்டு 8-ம் எண் பொது ஆணைப்படி, அங்கே அமெரிக்கத் தலைமையகத்தின் கீழ் இருந்த தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. இவர் வெளியே வந்தது 1970. கிளார்க் எவ்வளவு கவனமா டைப் அடிச்சிருந்தாலும், நாலு வருஷம் கழிச்சு வரப்போற ஆணையை எழுதியிருக்க முடியாது!

இந்த வகைக்குக் கடிதமும் நகல்களும் போதும். கட்டணம் கிடையாது. திருத்தம் டிடி 215 என்ற தனித் தாளாக வரும். பழைய டிடி 214-ஐத் தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டையும் சேர்த்தே வைக்கணும்.

இரண்டாவது வகை, உரிமை இருக்கலாம், ஆனா பதிவு பேசலைன்னா நிரூபிக்கணும். பர்ப்பிள் ஹார்ட் இங்கதான் வரும்.

மூணாவது வகை, அந்தக் காலத்துல யாரும் பரிந்துரையே செய்யாத வீரப் பதக்கம். இதுக்கு நேர்ல பார்த்தவங்க வாக்குமூலமும், அப்போதைய அதிகாரியோட பரிந்துரையும், நாடாளுமன்ற உறுப்பினர் வழியா கோரிக்கையும் வேணும். கஷ்டம்தான், ஆனா கதவு மூடினதில்ல. முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய் ஹென்றி ஜான்சன் 1929-ல் இறந்தார். அவருக்கு பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தது 1996-ல். மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானர் 2015-ல்.

ஒரு கடித உறையின் பின்பக்கம்

பர்ப்பிள் ஹார்ட்டுக்கு மூணு விஷயம் தெரியணும்: காயம் எதிரியின் தாக்குதலால வந்தது, மருத்துவர் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அரசுப் பதிவுல இருக்கு. தோள்ல தழும்பு இருக்குன்னு காட்டினா போதாது. தழும்புல தேதி இல்லையே.

எங்க முதல் கோரிக்கை, ஆதாரம் போதலைன்னு திரும்பி வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பெரியவர், "விட்டுடலாம், இவ்வளவு வந்ததே போதும்"னார். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

அப்புறம்தான் மாவட்ட அளவுல இலவசமா உதவற வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் ஒருத்தர் ஒரு விஷயம் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற பதிவுகள் வீரரின் பணியாளர் கோப்பில் இருக்காது. மருத்துவமனையின் பெயர், ஆண்டு வாரியாகத் தனியாக அடுக்கியிருப்பார்கள். பெயரும் மாதமும் ஆண்டும் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். நாங்க இத்தனை நாள் தேடினது வேற அலமாரியில!

ஆனா பெரியவருக்கு "ஜப்பான்"ங்கறது மட்டும்தான் நினைவு. ஆஸ்பத்திரி பேர் தெரியல. அவர் தங்கச்சி ஃபோன்ல சொன்னாங்க, அம்மாவோட பெட்டியில பழைய கடிதங்கள் இருக்குன்னு. படம் எடுத்து அனுப்பினாங்க. உள்ள, "நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க"ங்கற மாதிரி நாலு வரி. உறையோட பின்பக்கம் அனுப்புநர் முகவரியில மருத்துவமனைப் பேரு. முத்திரையில 1969 மார்ச்.

அதை வெச்சு எழுதினோம். சில மாதம் கழிச்சு நகல் வந்துச்சு. இடது தோளில் சிதறல் காயம், எதிரியின் தாக்குதலில் ஏற்பட்டதுன்னு அன்னைக்குப் பார்த்த மருத்துவர் எழுதியிருந்தார்.

இதோட, அன்னைக்குக் கூட இருந்த ரெண்டு நண்பர்களோட வாக்குமூலம், அந்த பட்டாலியனோட தினக்குறிப்பு நகல். வியட்நாம் காலத்து யூனிட் தினக்குறிப்புகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாத்தையும் டிடி ஃபார்ம் 149-ஓட சேர்த்து, தரைப்படையின் பதிவுத் திருத்த வாரியத்துக்கு அனுப்பினோம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வாரியம் உண்டு. தவறைக் கண்டுபிடித்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நியாயம் இருந்தால் அந்தத் தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்கான காரணத்தைப் படிவத்துலயே எழுதணும். நாங்க உள்ளதை எழுதினோம்: ஃபைல் எரிஞ்சுடுச்சுன்னு நம்பிட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். பதில் சாதகமா வந்துச்சு.

இதனால என்ன மாறுச்சு?

பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்களுக்கு விஏ மருத்துவத்தில் முன்னுரிமைப் பிரிவு கிடைக்கிறது. 2020 முதல் ராணுவ முகாம் கடைகளிலும் அவர்கள் பொருள் வாங்கலாம். அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. பர்ப்பிள் ஹார்ட்டோ காம்பாட் பேட்ஜோ பதிவுல இருந்தா, அவர் சண்டையில இருந்தாரான்னு கேள்வியே வராது. போர் அதிர்ச்சியால வந்த மன உபாதைக்கு விண்ணப்பிக்கும்போது, நடந்ததை அவர் சொல்வது அந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தினால், பொதுவாக அதையே சாட்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

உங்க தெருவுல, மாமனார் வீட்டுல, வேலையிடத்துல இப்படி ஒரு பெரியவர் இருந்தா இதைச் சொல்லுங்க: முழுக் கோப்பையும் கேளுங்க. ஆஸ்பத்திரிப் பதிவைத் தனியாக் கேளுங்க. விடுபட்டதை வகை பிரிச்சு எழுதுங்க. மூலத்தை அனுப்பாதீங்க, நகல் மட்டும் அனுப்புங்க. பழைய கடிதம்னா உறையையும் சேர்த்தே வைங்க. பணம் கேக்கறவங்ககிட்ட போகாதீங்க. மாவட்ட அலுவலரும் அமெரிக்கன் லீஜன் மாதிரி முன்னாள் வீரர் சங்கங்களும் இலவசமாவே உதவுவாங்க.

மெடல் தபால்ல வந்த அன்னைக்கு என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து காட்டிட்டு, உடனே மூடி மகள் கையில கொடுத்துட்டார். வாரியத்தோட முடிவுக் கடிதத்தைத்தான் மறுபடி மறுபடி படிச்சார். அடுத்த வாரம் விஏ ஆஸ்பத்திரியில அவருக்கு முதல் அப்பாயின்ட்மென்ட். கார் நான்தான் ஓட்டினேன்.

உங்ககிட்டயும் இப்படி அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.