வலி நீக்கும் மருந்தும் அதன் காவலும்

சட்டத்தின் அனுமதியுடன் அபின் எடுக்கும் மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் செடியைப் பயிரிடுகின்றனர். அபினிலிருந்து பெறப்படும் மார்ஃபின், புற்றுநோயாளிகளின் கடும் வலியைத் தணிக்க வல்லது. எனினும், இம்மருந்து களவு போய்த் தீய வழியில் பயன்படக்கூடும் என்ற அச்சம் நெடுங்காலம் நோயாளிக்கே தடையாக நின்றது.

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் கடுந்தண்டனைகளை விதித்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிம விதிகளால் மருத்துவமனைகள் பல மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015இல் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே அங்கீகாரம் போதுமானதாயிற்று.

மருத்துவமனையில் இருப்புப் பதிவேடு மருந்துக்குக் காவலாக உள்ளது. இல்லத்தில் அக்காவல் குடும்பத்தாரின் பொறுப்பாகிறது. மருந்தைப் பூட்டி வைத்தலும், மாத்திரைகளை நாள்தோறும் எண்ணிக் குறித்தலும், மருந்துச்சீட்டைப் பாதுகாத்தலும் தேவை. களவு போயின் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மருத்துவருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். தொடர்ந்து உட்கொண்ட மார்ஃபின் திடீரென நின்றால் வலி மீள்வதோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு முதலிய துன்பங்களும் தோன்றும்.

களவைத் தெரிவிக்கும் நோயாளியை ஐயுற்று மருந்தை அடியோடு மறுத்தல் முறையன்று. புகாரின் பதிவையும் மாத்திரைக் கணக்கையும் ஆராய்ந்து, குறுகிய கால அளவுக்குப் புதிய சீட்டு வழங்குவதே மருந்துக்கும் நோயாளிக்கும் ஒருங்கே காவலாகும்.