ஒரே வட்டாரத்துக்கு இரண்டு கணக்கு

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் படித்தது இயற்பியல். கல்கத்தாவில் தொடங்கி கேம்பிரிட்ஜில் முடித்தார். அங்கே குளிரில் நடுங்கிய கணித மேதை ராமானுஜனுக்குக் கட்டிலில் கம்பளிகளை எப்படி விரித்து உள்ளே நுழைந்துகொள்வது என்று காட்டியவரும் இவர்தான். ஊர் திரும்பும் சமயத்தில் ஆசிரியர் ஒருவர் ‘பயோமெட்ரிகா’ என்ற புள்ளியியல் இதழைக் காட்ட, தொகுதிகளை மொத்தமாக வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கும் அளவுக்கு அந்த ஆர்வம் வளர்ந்தது.

இயற்பியல்காரர்கள் அளவோடு விடமாட்டார்கள். அளந்த கருவி எவ்வளவு பிசகும் என்றும் கேட்பார்கள். வயலில் கருவி யார்? நோட்டும் பென்சிலுமாக வரப்பில் நடக்கும் ஆள்தான்.

அந்த ஆளைச் சோதிக்க மகாலனோபிஸ் ஒரு வழி கண்டார். வங்காளத்தில் சணல் பயிரான பரப்பை மதிப்பிட, ஒரே வட்டாரத்தில் சில வயல்களை மட்டும் தேர்ந்த இரண்டு மாதிரிகளை ஊடும் பாவுமாக எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடையும் ஒட்டிவந்தால் சரி. விலகினால் எங்கோ யாரோ வயலுக்கே போகாமல் எழுதியிருக்கலாம்! பொய்யைப் பிடிக்க மேற்பார்வையாளரை நம்பாமல் கணக்கையே காவலுக்கு வைத்த இந்த ஏற்பாடுதான், அவர் பெயரில் உள்ள சூத்திரங்களைவிடப் பெரிய சாதனை என்று தோன்றுகிறது.

மாதிரியை எவன் நம்புவான், ஒவ்வொரு வயலையும் எண்ணினால் போச்சு என்றவர்களும் இருந்தார்கள். 1944-45-இல் அதுவும் நடந்தது. ஆயிரக்கணக்கானோரை இறக்கி எடுத்த முழுக் கணக்கு, சணல் விளைச்சலைக் கணிசமாகக் குறைத்துக் காட்டியது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவில் முடிந்த மாதிரிக் கணக்கோ வணிகர்களின் புள்ளிவிவரத்தோடு ஒத்துப்போனது. அவசரத்தில் திரட்டிய பெரும்படையை மேய்ப்பது எளிதல்ல.

மகாலனோபிஸும் பிழையிலிருந்து தப்பவில்லை. விளைச்சலை அளக்க அவர் சிறு வட்டங்களில் பயிரை அறுக்கச் செய்தார். விளிம்பில் நிற்கும் பயிர் உள்ளேயா, வெளியேயா? சந்தேகம் வந்தால் அறுப்பவர் கை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளைச்சல் கூடுதலாகத் தெரியும். வட்டம் சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருகும் என்று வாதாடினார் வேளாண் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே. அரசு முறையில் அவர் கேட்ட பெரிய துண்டுகளே நிலைத்தன. தமிழ்நாட்டு நெல் வயல்களில் இன்றும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டுகிறார்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் அந்த மகசூலை ஒட்டியே கணக்கிடப்படுகிறது.