நிலக் கணக்கும் கணினித் தரவு மாதிரியும்

இராமநாதபுரம் ஜில்லாவில் மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும் பயிரிடும் குடியானவரின் பெயர் பல இலாகாக்களின் கணக்குகளில் உள்ளது. பட்டா வருவாய் இலாகாவிலும், நெல் வேளாண்மை இலாகாவிலும், மிளகாய் தோட்டக்கலை இலாகாவிலும், கடன் கூட்டுறவுச் சங்கத்திலும் பதிவாகின்றன. ஒன்றில் தகப்பனார் பெயரும் மற்றொன்றில் மகன் பெயரும் இருப்பின், மழை பொய்த்த வருஷத்தில் இன்ஷூரன்ஸ் தொகையோ நிவாரணமோ உரியவர் கைக்குச் சேர்வது தடைப்படும்.

இக்கணக்குகளை இணைக்குமுன் அவற்றின் அமைப்பை வரைந்து கொள்வதே தரவு மாதிரி எனப்படும். வீடு கட்டுவோர் முதலில் மனைப்படம் வரைவதை ஒக்கும் இது. 1970-ல் காட் என்பவர் விவரங்களை அட்டவணைகளாக அமைக்கும் முறையையும், 1976-ல் பீட்டர் சென் என்பவர் பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் படமாக வரையும் முறையையும் வெளியிட்டனர். இன்று இப்படத்தை வரையவும், பிழை காணவும், அதிலிருந்து அட்டவணைகளை உண்டாக்கவும் தனி மென்பொருள்கள் உள்ளன.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். மண்டபம் கரையோரத்தில் ஒரு தென்னந்தோப்பு நான்கு சகோதரர் பெயரில் கூட்டுப் பட்டாவாக உள்ளதெனக் கொள்வோம். நில அட்டவணையில் உடையவர் பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் மூவருக்கு இடமில்லை. ஆகவே நிலத்துக்கு ஓர் அட்டவணை, நபருக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் நடுவே அவரவர் பாத்தியத்தைக் குறிக்கும் மூன்றாவது அட்டவணை என அமைத்தல் வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவர் உடையவரல்லர்; அவரது உறவைத் தனியே குறித்தல் அவசியம். பயிரையும் நிலத்தோடு எழுதலாகாது. பருவந்தோறும் அது மாறுவதால், சென்ற வருஷத்துப் பயிர் அழிந்துபோகும்.

ஸர்வே நம்பர் மட்டும் நிலத்துக்கு அடையாளமாகாது. அதே எண் அடுத்த கிராமத்திலும் உண்டு. ஜில்லா, தாலுகா, கிராமம், ஸர்வே நம்பர், உட்பிரிவு ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒரு வயலைக் குறிக்கும். அவ்வாறே பெயர் மட்டும் மனிதருக்கு அடையாளமாகாது. ஒரே கிராமத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருக்கக்கூடும்.

மத்திய சர்க்கார் 2024 செப்டம்பர் 2-ந் தேதி 2,817 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த டிஜிட்டல் வேளாண்மைத் திட்டமும் இவ்வழியையே தழுவியது. விவசாயிகள் பதிவேடு, கிராம நிலப்படங்கள், விதைத்த பயிர்ப் பதிவேடு என மூன்றாகப் பிரித்து, விவசாயிக்குத் தனி அடையாள எண் அளிப்பது அதன் ஏற்பாடு. எந்த விவரத்தை எந்த இலாகா எழுத வேண்டும், எவை அதைப் படிக்க மட்டும் உரியவை என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்துக் கொண்டால், ஒரே விவரம் நான்கிடத்தில் நான்கு விதமாக நிற்காது.

எனினும், குதிர் எவ்வளவு உறுதியாயினும் பதரைக் கொட்டி நெல்லை அள்ள இயலாது. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின், ஜமீன் கிராமங்களுக்கு ரயத்துவாரிப் பட்டா ஏற்பட்டது. அப்பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பின், வாரிசுகள் தாமதியாது பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்து கொள்ளல் வேண்டும். பாகம் பிரிந்தோர் உட்பிரிவு செய்து கொள்ளல் நலம். கிராம நிர்வாக அலுவலர்கள் வயலை நேரில் பார்த்தே அடங்கலில் பயிரை எழுதுதல் வேண்டும். கணினியில் ஏறுவதற்கு முன் கணக்கைத் திருத்துவது எளிது. பல இலாகாக்களுக்கும் பரவிய பின் திருத்துவது அரிது.