நடுக்கடலில் விமானம் ஏறி இறங்குவது எப்படி?

1942 ஏப்ரல் 9 அன்று முல்லைத்தீவுக்குத் தெற்கே திருகோணமலைத் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அவை எந்தத் தரைத்தளத்திலிருந்தும் வரவில்லை; கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பியவை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கியும் மூழ்கியது. அதன் விமானங்கள் அப்போது கரையில் இருந்தன.

குறுகிய தளத்திலிருந்து விமானம் எப்படி எழும்புகிறது? அதைத் தூக்குவது இறக்கையின்மேல் பாயும் காற்றின் வேகம். பட்டம் ஏற்றும் பிள்ளை காற்றுக்கு எதிரே ஓடுவதுபோல, கப்பலும் காற்றுக்கு எதிர்முகமாக விரைகிறது. கப்பல் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல, எதிர்க்காற்று 30 கிலோமீற்றரில் வீசினால், விமானம் அசையுமுன்பே அதற்கு 80 கிடைத்துவிடும். மிச்சத்தை இயந்திரம் கொடுக்கும். இந்தியாவின் 262 மீற்றர் நீள 'விக்ராந்த்' கப்பலில் தளத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்து, ஜெட் விமானத்தை உயரே ஏவிவிடுகிறது.

இறங்குவதுதான் கடினம். விமானத்தின் வால்பகுதிக் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய உருக்கு வடத்தைப் பிடிக்க வேண்டும். சக்கரம் தொட்டதும் விமானி இயந்திரத்தை முழுவிசைக்கு உயர்த்துகிறார். ஏன்? கொக்கி தவறினால் உடனே மீண்டும் எழும்ப வேண்டுமே! இறங்கும் பாதையைச் சற்றுக் கோணலாக அமைப்பதும் இதற்காகத்தான்: தவறிய விமானம் முன்னே நிற்கும் விமானங்களில் மோதாமல் கடல்மேல் பறந்துவிடும்.