குடும்பப் பெயர் கிரேக்கோ, சொந்த ஊர் சிசிலி

‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தைப் (1974) பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சிசிலியிலிருந்து தன்னந்தனியாகக் கப்பலேறி நியூயார்க்கில் வந்து இறங்குகிறான் சிறுவன் வீத்தோ அந்தோலினி. எல்லிஸ் தீவு அதிகாரி பெயர் கேட்கிறார். பையன் வாயைத் திறக்கவில்லை. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையிலிருந்து ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிவிடுகிறது. அன்றோடு அவன் வீத்தோ கொர்லியோனே.

சினிமாவுக்கு அருமையான காட்சி. நடந்த வரலாறு வேறு. எல்லிஸ் தீவில் பெயர்களைப் புதிதாக எழுதும் வழக்கமே இல்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரித்துவிடுவார்கள். நியூயார்க்கில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். சிசிலிக்காரர்களின் பெயர்கள் அமெரிக்காவில் மாறியது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பிறகு, பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் நடந்தது. பல பேர் தாங்களே விரும்பி மாற்றிக்கொண்டார்கள்.

ஊர்ப் பெயர் குடும்பப் பெயராவது மட்டும் கற்பனை இல்லை. சிசிலியில் அது பல நூற்றாண்டுகளாக நடந்தது. இன்று அந்தத் தீவில் மிகப் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களில் ஒன்று மெசினா. கதானியா, பலெர்மோ, சிரக்கூசா, மோதிக்கா என்று பிற ஊர்களும் பெயராகியிருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெசினா நகரத்துக்குள் இருப்பவனை யாரும் ‘மெசினாக்காரன்’ என்று அழைப்பதில்லை. அங்கிருந்து கிளம்பி வேறோர் ஊரில் குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் விழும். ஆகவே அந்தப் பெயர், முன்னோர் எங்கே வாழ்ந்தார் என்பதைவிட எங்கோ வந்தேறியாக இருந்தார் என்பதையே முதலில் சொல்கிறது.

சிசிலிக் குடும்பப் பெயர்களைப் படிக்க இதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். பெயரை வைத்தவர் அதைச் சுமந்தவர் அல்லர். அண்டை வீட்டுக்காரரோ வரி எழுதிய கணக்கரோ பங்குத்தந்தையோ வைத்தார். கிரேக்கோ என்றால் கிரேக்கன், லொம்பார்தோ என்றால் வட இத்தாலிக்காரன், கத்தலானோ என்றால் கத்தலோனியாக்காரன். மூன்றும் சிசிலியில் வெகு சாதாரணம். சுற்றியிருந்த எல்லோரும் கிரேக்கம் பேசியிருந்தால் ஒருவனை மட்டும் ‘கிரேக்கன்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

பிரித்துச் சொல்ல அந்தத் தீவில் ஏராளமானவர்கள் இருந்தார்கள். மேற்கே சிக்கானியர், கிழக்கே சிக்குலியர், வடமேற்கில் எலிமியர் என்று மூன்று பழங்குடிகள் முதலில். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர் வந்து நக்சோஸையும் சிரக்கூசாவையும் நிறுவினார்கள். பினீசியர் மோத்தியாவிலும் பலெர்மோவிலும் துறைமுகம் கண்டார்கள். கி.மு. 241இல் ரோமின் முதல் மாகாணமானது சிசிலி. கி.மு. 212இல் சிரக்கூசா வீழ்ந்தபோது ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டார். பிறகு வேண்டல்கள், ஆஸ்ட்ரோகோத்கள், பைசாந்தியர். கி.பி. 827இல் மசாரா கரையில் இறங்கிய முஸ்லிம் படை 831இல் பலெர்மோவைப் பிடித்தது. தீவு முழுவதும் அவர்கள் கைக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1061இல் நார்மன்கள் மெசினாவில் நுழைந்தார்கள். 1282 கலகத்துக்குப் பிறகு அரகோன் அரசு, அதைத் தொடர்ந்து நெடுங்காலம் ஸ்பானிய ஆட்சி. 1860இல் மர்சாலாவில் கரிபால்தி இறங்கியபின் இத்தாலி.

இந்த வரிசையில் நான் நின்று பார்க்க விரும்புவது பன்னிரண்டாம் நூற்றாண்டு. நார்மன் அரசவை மூன்று மொழிகளில் எழுதியது: லத்தீன், கிரேக்கம், அரபு. 1109இல் ஆட்சிப் பொறுப்பிலிருந்த அரசமாது அதெலாசியா அனுப்பிய கிரேக்க, அரபு மொழிக் கடிதம் ஒன்று பலெர்மோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தோலில் எழுதிய காலத்தில் அது காகிதத்தில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய காகித ஆவணங்களில் ஒன்று. அதே நகரில், கிரிசாந்து என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக 1149இல் செதுக்கிவைத்த கல்லறைக் கல் உள்ளது. ஒரே செய்தி அதில் லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு வரிவடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தன் தன் நாள்காட்டிப்படி ஆண்டைக் குறிக்கிறது. ஒரு தாயின் மரணத்தை ஊருக்குச் சொல்ல நான்கு எழுத்து தேவைப்பட்ட நகரம் அது.

குடும்பப் பெயர்களின் வரலாற்றுக்கு இவற்றைவிட முக்கியமானவை ‘ஜரீதா’ என்ற பட்டியல்கள். ஒரு நிலத்தை மடாலயத்துக்கோ பிரபுவுக்கோ அரசன் கொடுக்கும்போது, அந்த நிலத்தோடு கட்டுண்ட குடியானவர்களின் பெயர்களையும் அரபிலும் கிரேக்கத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். மொன்ரியாலே மடாலயத்துக்கு 1178லும் 1180களின் தொடக்கத்திலும் தரப்பட்ட பட்டியல்களில் வீட்டுத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், இன்ன தொழில் செய்பவன், இன்ன ஊரான் என்று அடையாளங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அரபுப் பெயரும் இன்னொருவருக்குக் கிரேக்கப் புனிதரின் பெயரும் இருப்பதைக் காணலாம். மதம் மாறிக்கொண்டிருந்த, மொழி மாறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் ஒரு கணம் அந்தத் தோல் சுருளில் பதிந்திருக்கிறது. அரசர்களின் வரலாறு எழுதிய எவரும் இந்த உழவர்களைப் பொருட்படுத்தவில்லை. வரி வாங்க எழுதிய ஒரு கணக்குதான் அவர்களைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

அந்த அரபு அடையாளங்கள் பல இன்றும் வாழ்கின்றன. மொராபிதோ, எல்லைக்காவல் மடத்தில் வாழ்ந்த ‘முராபித்’. பதலா, அப்துல்லா. சக்கா, தண்ணீர் சுமந்து விற்றவர். ஷொர்த்தீனோ, காவலர். கஞ்ஜேமி, ரத்தம் இறக்கி வைத்தியம் செய்த நாவிதரான ‘ஹஜ்ஜாம்’. மக்கலூசோ, விடுவிக்கப்பட்ட அடிமை. எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷாவின் (1921–1989) குடும்பப் பெயரும் அரபு வேருடையது என்பார்கள். தலையில் சுற்றும் துணியைக் குறிக்கும் சொல்.

கிரேக்கத்திலிருந்து வந்தவை இன்னொரு கூட்டம். லகனா, கீரை விற்றவர். ஸ்பனோ, தாடி முளைக்காதவர். கொந்தொரெல்லியில் குட்டையானவர் ஒளிந்திருக்கிறார். நார்மன்கள் விட்டுச்சென்றது ஜுஃப்ரீதா, ருஜ்ஜேரி போன்ற பெயர்களை. அல்பேனியாவைத் துருக்கியர் பிடித்தபோது தப்பி வந்தவர்கள் 1488இல் பலெர்மோவுக்குத் தெற்கே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். இன்று அதற்குப் பியானா தெல்யி அல்பனேசி என்று பெயர். அங்கே அல்பேனிய மொழியின் பழைய வடிவம் இன்றும் பேசப்படுகிறது. ஸ்கிரோ, மத்ரங்கா எல்லாம் அவர்களின் பெயர்கள். இத்தாலியப் பிரதமராக இருந்த ஃபிரான்செஸ்கோ கிறிஸ்பியும் அந்த வழி வந்த குடும்பத்தவரே.

அப்படியானால் பதலா குடும்பத்தினர் அரபு வம்சம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இரண்டாம் ஃபிரடெரிக் 1220களில் தொடங்கிச் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்தில் லூச்சேராவுக்கு நாடு கடத்தினார். வெறிச்சோடிய ஊர்களில் வட இத்தாலியர்களைக் குடியேற்றினார்கள். காட்ஃபாதர் படத்துக் கொர்லியோனேவே அப்படிப்பட்ட ஊர்தான். 1237இல் ஒத்தோனே தி கமெரானா என்பவர் தலைமையில் லொம்பார்து மக்கள் அங்கே வந்தார்கள். தீவில் தங்கியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அரபு பேசிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அரபுச் சொற்களைத் தம் பேச்சில் ஏற்றுக்கொண்ட மற்றவர்களும் இருந்தார்கள். தண்ணீர் சுமப்பவனை ஊர் ‘சக்கா’ என்று அழைத்தது என்றால், ஊரின் பேச்சில் அரபு இருந்தது என்பதே நிச்சயம். அவன் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

யூதர்களின் கதை இதற்கு நேர் எதிர். 1492 வெளியேற்ற ஆணைக்குப் பிறகு சிசிலியில் தங்க விரும்பிய யூதர் கிறிஸ்தவராக வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின் குடும்பப் பெயரையே பலர் ஏற்றார்கள். ஆயிரமாண்டுக்கு மேல் அந்தத் தீவில் வாழ்ந்த ஒரு சமூகம், பெயர்ப் பட்டியலில் ஏறக்குறைய தடமின்றி மறைந்தது.

சிசிலிக் குடும்பப் பெயர்களில் பலவும் பதினாறாம் நூற்றாண்டுவரை உறுதியானவையாக இல்லை. தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று என்று மாறிக்கொண்டிருந்தன. அவற்றை நிலைநிறுத்தியது திரெந்து பொதுச்சங்கம் (1545–1563). நெருங்கிய உறவினர் மணம் முடிப்பதைத் தடுக்க வேண்டுமானால் யாருக்கு யார் என்ன உறவு என்று தெரிய வேண்டும். எனவே ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் கட்டாயமாயின. அதே காலத்தில் ஸ்பானிய அரசு ‘ரிவேலி’ என்ற கணக்கெடுப்பைத் தொடங்கியது. வீட்டில் எத்தனை உயிர், எவ்வளவு சொத்து என்று குடும்பத் தலைவர் எழுதித் தர வேண்டும். பாதிரியாரின் பேனாவும் வரிக்காரரின் பேனாவும் சேர்ந்து, ஒருவருக்கு அன்று வழங்கிய பட்டப்பெயரைப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டன.

வடக்கு இத்தாலியோடு ஒரு வேறுபாடு இங்கே தெரிகிறது. இத்தாலி முழுவதற்கும் முதலிடத்தில் நிற்கும் பெயர் ரொஸ்ஸி, ‘செந்நிறத்தார்’ என்று பன்மையில். சிசிலியில் முதலிடம் ருஸ்ஸோவுக்கு, அது ஒருமை. தெற்கே அந்த முதல் செந்தலையன் தனி ஆளாகவே பெயரில் தங்கிவிட்டான்.

பெயர் நிலைத்தபின் புதிய சிக்கல் வந்தது. முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தந்தை பெயர் என்பது சிசிலி வழக்கம். நான்கு சகோதரர்களின் மூத்த மகன்கள் நால்வருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். கிராமம் என்ன செய்யும்? பட்டப்பெயர் வைத்தது, அதைச் சிசிலியில் ‘ஞ்ஜூரியா’ என்பார்கள். ஜொவானி வெர்காவின் புகழ்பெற்ற நாவல் ‘இ மலவோல்யா’ (1881) அப்படி ஒரு பட்டப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. அந்த மீனவக் குடும்பத்தின் பதிவேட்டுப் பெயர் தொஸ்கானோ. ‘மலவோல்யா’ என்றால் மனமில்லாமல் வேலை செய்பவர்கள். கதையிலோ அவர்கள் கடும் உழைப்பாளிகள்.

என்னை மிகவும் பாதிக்கும் பெயர் ஒன்று உண்டு: த்ரொவாத்தோ. கதானியாப் பக்கம் அதிகம். ‘கண்டெடுக்கப்பட்டவன்’ என்று பொருள். பெற்றவர்கள் வளர்க்க முடியாத குழந்தையை, அத்தகைய குழந்தைகளை ஏற்கும் நிறுவனத்தின் சுவரில் பொருத்திய சுழலும் பெட்டியில் இரவில் வைத்துவிட்டு மணியடிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பெட்டியைச் சுழற்றிக் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள். இத்தாலி முழுதும் இந்த ஏற்பாடு இருந்தது. அந்தக் குழந்தைகளின் பெயரே பிறகு அவர்கள் சந்ததிக்கும் தொடர்ந்தது. கருசோ என்ற பெயரிலும் வேதனையின் சாயல் படிந்திருக்கிறது. சிசிலியப் பேச்சில் ‘கருசு’ என்றால் பையன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கந்தகச் சுரங்கங்களில் பாறை சுமந்த சிறுவர்களையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். பெற்றோர் முன்பணம் வாங்கிவிட, கடன் தீரும்வரை பிள்ளை சுரங்கத்துக்குள் கட்டுண்டு கிடந்தான். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் 1910இல் நேரில் சென்று பார்த்து, அந்தக் கொடுமையை 1912இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்தார். குடும்பப் பெயர் அதைவிட மிகப் பழையது. ஆனாலும் இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் சிசிலிக்காரருக்குச் சுரங்கமும் நினைவுக்கு வரும்.

பெயர் வம்சத்தைச் சொல்லாது என்றால், ரத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது மரபணுவிடம். ஆண்வழியில் மட்டும் கைமாறும் ஒய் குரோமோசோமும் தந்தைவழிக் குடும்பப் பெயரும் ஒரே பாதையில் பயணிப்பவை. ஆகவே ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, சிசிலி ஆண்களின் ஒய் குரோமோசோம் தொகுப்பில் கிரேக்கப் பங்கு சுமார் 37 விழுக்காடு, வட ஆப்பிரிக்கப் பங்கு சுமார் 6 விழுக்காடு என மதிப்பிட்டது. இவை மதிப்பீடுகளே. இன்றைய மக்களைக் கொண்டு பழைய மக்களை ஊகிக்கும் எந்தக் கணக்கிலும் பிழைக்கு இடமுண்டு.

பழைய எலும்புகளே பேசும்போது படம் இன்னும் விரிகிறது. வடகரையில் இருந்த ஹிமேரா என்ற கிரேக்க நகரத்தின் இடுகாடு, ரயில் பாதை வேலையின்போது விரிவாக அகழப்பட்டது. கி.மு. 480, 409 ஆண்டுகளில் கார்த்தேஜுக்கு எதிராகப் போரிட்டு மடிந்த வீரர்களின் கூட்டுப் புதைகுழிகள் அங்கே கிடைத்தன. பல்லில் உள்ள தனிமக் கூறுகளை வைத்துப் பார்த்தால், 480இல் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள் அல்லர். 2022இல் வந்த மரபணு முடிவுகள் அவர்களில் வட ஐரோப்பா, யூரேசியப் புல்வெளி, காக்கசஸ் வரை வேர் கொண்டவர்கள் இருந்ததைக் காட்டின. பண்டைய வரலாற்றாசிரியர்கள் ‘கிரேக்கப் படை’ என்று எழுதிவிட்டுப் போன படைக்குள் இவ்வளவு பேர். வெற்றியைப் பதிந்தவர்கள் கூலிப்படையினரைப் பதியவில்லை.

ஆக, ‘கிரேக்கர்’ என்று அன்று எழுதப்பட்டதற்கும் ‘கிரேக்கோ’ என்று இன்று அழைக்கப்படுவதற்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தும். பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. தந்தைவழிப் பெயர் அவற்றில் ஒன்றே ஒன்றின் கதை. வேர் தேடும் சிசிலி வம்சாவளியினருக்குப் பெயர் அகராதிகள் உதவும். ஜிரோலமோ கரக்கவுசி தொகுத்த இரண்டு தொகுதிகள் அதில் தலைசிறந்தவை. ஆனால் அகராதி சொல்லின் வேரைத்தான் காட்டும். குடும்பத்தின் வேர் வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பங்கின் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அங்கே இத்தாலிய வழக்கப்படி பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பதால், தாய்வழியையும் தொடர்ந்து செல்ல முடியும். மற்ற 1,023 பேரை அடைய அதுதான் வழி.

பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் பெயர் மட்டும் தானாகவே சேரும் முறையை இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் 2022இல் செல்லாது என்று அறிவித்தது. பெற்றோர் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, இப்போது குழந்தைக்குத் தாய், தந்தை இருவரின் குடும்பப் பெயரும் உண்டு.