சோஃபா குஷன் அமுங்கிப் போச்சா? தூக்கிப் போடாதீங்க!

உட்கார்ந்தால் அடிப்பலகை தட்டுகிறது. எழுந்தாலும் குழி அப்படியே இருக்கிறது. மதுரை கே.கே. நகரில் ஐந்தாறு வருடம் ஓடிய சோஃபா உள்ள பல வீடுகளில் இதே கதைதான். "புதுசே வாங்கிடலாம்" என்று முடிவெடுக்கும் முன், ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபோமைப் பாருங்கள். தேய்த்தால் தூளாக உதிர்கிறதா? மாற்றத்தான் வேண்டும். தளர்ந்து மட்டும் போயிருந்தால், மேலே ஒரு இன்ச் புது ஃபோம் ஒட்டி வீட்டிலேயே சரிசெய்யலாம்.

எடை போட்டு வாங்குங்க

கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் அத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே அதன் பொருள். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32-க்குக் குறையாமல் கேளுங்கள். முதுகுக்கு வைக்கும் குஷனுக்கு அதைவிடக் குறைந்தாலும் போதும். போடிநாயக்கனூர் இலவம் பஞ்சும் நிரப்பலாம்.

சொன்ன டென்சிட்டி சரிதானா? தராசில் வையுங்கள். 22 இன்ச் நீளம், 22 இன்ச் அகலம், 4 இன்ச் கனமுள்ள துண்டு, 32 டென்சிட்டி என்றால் சுமார் 1 கிலோ இருக்கணும். 40 என்றால் சுமார் 1.270 கிலோ. 600 கிராம்தான் காட்டுகிறதா? அது 20 டென்சிட்டிகூட இல்லை. வேறு அளவுக்கு, நீளம், அகலம், கனம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி, டென்சிட்டியாலும் பெருக்கி, 61,000-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். போன் கால்குலேட்டரே போதும். எடை கூட்ட சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமும் உண்டு. அதனால் அழுத்தி விட்டதும் உடனே எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யும் முறை

1. உறையின் அளவைவிட அரை இன்ச் பெரிதாக ஃபோமை வெட்டுங்கள். அப்போதுதான் உறை தொய்யாது. பேனாவால் கோடு போட்டு, கூர்மையான கட்டரால் ஒரே கோட்டில் பலமுறை மெதுவாக இழுங்கள்.

2. புது ஃபோமை ஒட்டும்போது இரண்டு பக்கமும் பசையை மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் உலரவிட்டு அழுத்துங்கள். பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம்.

3. மேல், முன், அடிப்பக்கங்களைப் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டால் சுற்றுங்கள். மூலைகள் உருண்டையாகி, குஷன் புதுசு போலத் தெரிவது இதனால்தான்.

4. உறைக்குள் நுழைய அடம்பிடித்தால், மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வழுக்கி நுழைத்து, பிறகு தாளை உருவிவிடுங்கள். காட்டன் உறை தைப்பதாக இருந்தால், துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, சுருங்கிய பிறகு வெட்டுங்கள்.

இலவம் பஞ்சு மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடுவது நம்ம ஊர் வழக்கம். ஃபோமுக்கு அது ஆகாது, மஞ்சளாகி உதிர்ந்துவிடும். நிழலில் காற்றாட வையுங்கள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

பில்லில் டென்சிட்டி, கனம், அளவு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். சொன்ன தரம் இல்லையென்றால், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் தரலாம்.

பழைய ஃபோம் எங்கே போகணும்?

நல்ல துண்டுகளைச் சின்னதாக வெட்டித் தலையணைக்குள் அடைக்கலாம். மிச்சத்தை உலர் கழிவாகத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். போகியன்று கொளுத்தவே வேண்டாம். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும்; இரண்டும் உயிரைப் பறிக்கும் நச்சு வாயுக்கள். வண்டியூர் கண்மாய்க் கரையிலும் வீசாதீங்க. குப்பையை எரிப்பதும் நீர்நிலையில் போடுவதும் திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் புறம்பானவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு குஷனில் தொடங்கிப் பாருங்களேன்!